இருநூற்றுப் பதினைந்தாம் பக்கம்

“ஆமா மேடம், பக்கங்களைப் பிரிச்சு எடுத்தது நான்தான்” என்றாள் லைப்ரரியன், கொஞ்சமும் கூசாமல்.

எழுத்தாளருக்கோ அந்தப் புத்தகம் ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதிய முதல் நாவல். தீவுப் பெண்களைத் தனியாக, மீன் வைக்கும் ஐஸ் அறைக்குக் கூப்பிடும் ஒரு மேஸ்திரி, அதை வெளியே சொல்லாமல் விழுங்கிய பெண்கள், கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் புகார்க் கடிதம். அதை யாராவது படித்தார்களா என்று பார்க்கத்தான் இரண்டு படகு மாறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, இந்தக் கடைக்கோடித் தீவுக்கு வந்திருந்தார். கையில் கிடைத்தது வெறும் அட்டை.

“பிடிக்கலைன்னா அலமாரியிலயே விட்டிருக்கலாமே. பிளேடு வெச்சுக் கிழிக்கிற அளவுக்கு நான் என்னம்மா பாவம் பண்ணேன்?”

“பிளேடு இல்ல மேடம், ஸ்கேல். அதுலதான் பிசிறில்லாம வரும்.”

எழுத்தாளருக்குச் சுர்ரென்று ஏறியது. “மேலிடத்துக்கு எழுதப்போறேன். உங்க வேலை போயிடும்.”

“தாராளமா எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒரு எட்டு என்கூட வாங்க.”

போனது மீன் தரம் பிரிக்கும் ஷெட்டுக்கு. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். நீள மேஜையைச் சுற்றிப் பெண்கள். ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு, ஏப்ரனுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு தாளை எடுத்தாள். உரக்கப் படித்தாள். அறுபத்தொன்றாம் பக்கம்.

“முழுப் புஸ்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனா, யார் கொடுத்தா, எதுக்குன்னு ஆயிரம் கேள்வி” என்றாள் லைப்ரரியன். “ஒத்தைத் தாள்னா யார் கண்ணுலயும் படாது. ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போறாங்க, பத்திரமா திருப்பிக் கொடுத்துடுறாங்க. இது மூணாவது சுத்து, முடியப்போகுது.”

ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். உள்ளே, அந்த அறுபத்தொன்று தவிர, வரிசை பிசகாமல் நாவல். எழுத்தாளர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவளையா வேலையை விட்டுத் தூக்கப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

தாள்களைப் புரட்டியவர் கடைசியில் நின்றார். புகார்க் கடிதம் உள்ள இருநூற்றுப் பதினைந்தாம் பக்கத்தைக் காணவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. ‘எல்லாப் பெண்களும் ஒன்றுகூடிப் புகார் கொடுப்பதெல்லாம் கதையில்தான் நடக்கும்’ என்று ஒரு விமர்சகர்கூடக் கேலி செய்திருந்தார். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்ற யோசனையில்தான் இருந்தார்.

“அது உங்களுக்கும் நம்புற மாதிரி இல்ல போல” என்றார் மெதுவாக.

படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“ஐயோ, அப்படி இல்லக்கா. அந்தக் கடிதத்துல மேஸ்திரி பேரை அடிச்சுட்டு எங்க சூப்பர்வைசர் பேரை எழுதினோம். பின்பக்கம் காலியாத்தான இருந்துச்சு, இருபத்தாறு பேரும் அதுல கையெழுத்துப் போட்டோம். நீங்க வந்து இறங்கின படகுலதான் அது கோர்ட்டுக்குப் போகுது.”