இருபது வரை எண்ணியது

மங்கிய பகல் வெளிச்சம் ரிப்பேர் கடையின் அழுக்குக் கண்ணாடி வழியாக மேசைமேல் விழுகிறது. பழைய டேப் ரெக்கார்டரைச் சரிசெய்து முடித்த மெக்கானிக், கைப்பழக்கத்தில் ரெக்கார்டை அழுத்தி, ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டார். 'பழையதை அழிக்கவா?' என்று கேட்கத் தெரியாத கருவி அது. தொட்டவருக்குத் தெரியாதா என்று நம்பி, சொன்னதையெல்லாம் பதிந்துகொண்டது. உள்ளே இருப்பது தன் சோதனைக் கேசட் இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. செத்துப்போன அம்மா போனில் பேசியதைப் பதிந்துவைத்த அரை நிமிடத்துக்காக இந்தக் கேசட்டோடு வந்தவள், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எதிரே நிற்கிறாள். "எங்கம்மா பேசுறாங்களாண்ணே?" அவர் டேப்பைப் பின்னால் ஓட்டி, பிளேயை அழுத்துகிறார். அவருடைய குரலே இருபது வரை எண்ணி முடிக்கிறது. அதை ஒட்டி, ஒரு களைத்த குரல்: "சரி கண்ணு, வச்சிடட்டுமா?" அவள் முகம் மலர்கிறது. "அம்மாதாண்ணே! அதுக்கு முன்னால பேசினதைப் போடுங்க."