கறுப்பு ஷூக்காரர்

ஷூ அலமாரியில் பளபளவென்று ஒரு ஜோடி கறுப்புத் தோல் ஷூவைப் பார்த்ததுமே மார்யுன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். லிஸ்பனிலிருந்து வரவேண்டிய பேராசிரியர் வந்தாயிற்று.

ஃபாரோ தீவுகளின் கடைக்கோடியில் இருக்கும் அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில், யாராக இருந்தாலும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே வரவேண்டும். மார்யுனின் மேசை வாசலுக்கு நேர் எதிரே. பதினோரு வருஷமாக அங்கேயே உட்கார்ந்து, இப்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று படகில் வரவேண்டிய வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் பேராசிரியர். இன்னொருவர், நிலவறையில் நாலு நாளாகப் படுத்துக்கிடக்கும், கட்டடத்தையே சூடாக்குகிற பாய்லரைப் பார்க்கத் தலைநகரத்துக் கம்பெனி அனுப்பிய போலந்து மெக்கானிக். இருவரையும் அவள் முன்பின் பார்த்ததில்லை.

படகோட்டி சீமுன் துறையிலிருந்தே போன் பண்ணியிருந்தான். அலை மோசம், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு மழைக்கோட்டு மாட்டி அனுப்புகிறேன் என்றான். அதில் ஒருத்தர் ஈரப் படிக்கட்டில் வழுக்கி மூன்று தரம் விழுந்தார், இன்னொருத்தர்தான் பாவப்பட்டு அவரை உட்காரவைத்து என்னமோ உதவி செய்துகொண்டிருக்கிறார் என்று சிரித்தான். அடுப்பில் கேக் கருகிவிடப் போகிறதே என்று மார்யுன் பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

அவள் கவலை அவளுக்கு. மாணவர்களையும் ஆசிரியர்களையும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்த மூன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டுவிட்டன. லிஸ்பனும் கைவிரித்தால் பரிமாற்றப் பிரிவையே மூடிவிட்டு, அவளை மீன் எண்ணுகிற பிரிவுக்கு அனுப்பப்போவதாகத் தலைவர் ஓலாவுர் சொல்லியிருந்தார். அவளுக்குத் தாய்மாமன்தான், ஆனாலும் சொன்னால் செய்கிற மனுஷன்.

ஒப்பந்தத்தில் பேராசிரியரின் கையெழுத்து விழுந்துவிட்டாலோ, முதல் ஆளாக ஒரு மாதம் லிஸ்பன் போகப்போவது மார்யுன். மேசை இழுப்பறையில் ஒரு கூலிங்கிளாஸ்கூட வாங்கி வைத்திருந்தாள். வெயிலே எட்டிப்பார்க்காத அந்தத் தீவில் அதற்கு வேலையே கிடையாது.

கறுப்பு ஷூவுக்குப் பக்கத்தில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. அதைக் கழற்றிவைத்தவர் பல் கிட்டிக்க நடுங்கியபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மார்யுன் பூட்ஸைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்து, கூடவே ஒரு டார்ச்சையும் திணித்து, நிலவறைப் படியைக் காட்டினாள். அவர் விழித்தார், பிறகு மறுக்காமல் இறங்கிப் போனார். ஆடு நுழையாமல் இருக்க நிலவறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போடுவது அவளுக்குக் கைப்பழக்கம், அதையும் மறக்காமல் போட்டாள்.

கறுப்பு ஷூக்காரருக்கு ராஜ உபசாரம். அவர் நொண்டி நொண்டி வந்து நாற்காலியில் சாய்ந்து, கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பயணக் களைப்பு, பாவம். எது கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ரொம்பப் படித்தவர்கள் அப்படித்தான், வாயைத் திறக்கமாட்டார்கள் என்று மார்யுன் முடிவு கட்டினாள்.

காற்றில் உலரவைத்த ஆட்டுக்கறியை அவர் மூன்று தட்டு காலி செய்தார். ஓலாவுருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"மனுஷன்னா இவர்தான்," என்று அவள் காதோரம் சொன்னார். "போன தடவை வந்தவன் வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினான்."

"சும்மா இருங்க மாமா. முதல்ல கையெழுத்து விழட்டும்."

அப்போது கீழேயிருந்து டங், டங் என்று குழாயைத் தட்டுகிற சத்தம் கேட்டது. விருந்தாளி தலையைச் சாய்த்துக் கேட்டார், எழுந்திருக்கவும் பார்த்தார். மார்யுன் அவசரமாக இன்னொரு துண்டு கேக்கை வைத்து அவரை உட்காரவைத்தாள்.

"கீழ என்ன சத்தம்?" என்றார் ஓலாவுர்.

"பாய்லர்க்காரர். இறங்கினதுலேர்ந்து ஓயாம வேலை பாக்கறார்."

"நம்ம ஆளுங்களும் இருக்காங்களே," என்று அவர் பெருமூச்சு விட்டார்.

கேக் முடிந்ததும் மார்யுன் ஒப்பந்தத்தை நீட்டினாள். பன்னிரண்டு பக்கம். போன வருஷம் வந்தவர் வரிக்கு வரி கேள்வி கேட்டு ஒரு நாளையே தின்றுவிட்டார். இவரோ ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் தேதியையும் தானாகவே எழுதினார்.

சந்தோஷத்தில் மார்யுனுக்கு அழுகையே வந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து கூலிங்கிளாஸை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். ஓலாவுர் விழுந்து விழுந்து சிரித்தார். மீன் எண்ணுகிற வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். கீழே தட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"வேலை முடிஞ்சிடுச்சு போல," என்றார் ஓலாவுர். சுவரோரத்து ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். அது என்னவோ இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது.

விருந்தாளி எழுந்து அலமாரிப் பக்கம் போனார். அங்கே எதையோ தேடினார். பிறகு அந்தக் கறுப்பு ஷூவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து மார்யுனின் மேசைமேல் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒன்றுசேர்த்துச் சொன்னார்:

"இது பேராசிரியர் ஷூ. வழுக்கிச்சு, மாத்திக்கிட்டோம். பாய்லர் எங்க?"