இதமான வார்த்தைகள்

ஓசூர் மோட்டார் தொழிற்சாலையில் எல்லோர் காதிலும் இதமொழிக் கருவி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அது கேட்பவர் காதில் பக்குவமாகத்தான் போய்ச் சேரும். இரண்டு வருடமாக அங்கே ஒரு சண்டைகூட இல்லை.

அதனால் பிலோமினா திடீரென்று வேலையை விட்டபோது, லைன் சூப்பர்வைசர் செண்பகவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. மாலையில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் வீட்டுக்கே போனாள்.

"ஏன் பிலோ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு வாட்டி சொன்னேங்க்கா. அந்த மெஷின் அதிர்வுல கை மரத்துப்போகுது, என்னால முடியல, வேற எடத்துல போடுங்கன்னு கெஞ்சினேன். நீங்க சிரிச்சிட்டுப் போயிட்டீங்க."

செண்பகவல்லிக்கு நினைவு வந்தது. 'வேலை கொஞ்சம் சவாலாக இருக்கிறது அக்கா, பழகிவிடும்' என்றுதான் அவள் காதில் விழுந்திருந்தது.

பிலோமினா வலது கையை நீட்டினாள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நரம்பு இனிமேல் முழுசாகச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

செண்பகவல்லி அந்த விரல்களைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தன் பிரிவுப் பெண்கள் பதினொரு பேரையும் கூப்பிட்டாள். அவர்கள் முன்னாலேயே தன் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இப்போ சொல்லுங்க. யாருக்கு என்ன கஷ்டம்?"

அவர்களில் கோமளாதான் முதலில் ஆரம்பித்தாள்.

"நீயெல்லாம் ஒரு மனுசியா?"

செண்பகவல்லிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.