சீசனுக்கு முந்தின குழம்பு

வேட்டைக்குழு கூடும் காட்டுக் குடிலில், ஆளுக்கொரு வீட்டுச் சாப்பாடு. ரெய்னோ கொண்டுவந்த மான் குழம்பைச் சட்டியோடு வழித்து மூன்றாவது தட்டை நிரப்பிய பிறகுதான் தலைவர் தைஸ்தோவுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

“ஏம்ப்பா ரெய்னோ, சீசனே இன்னைக்குத்தான் ஆரம்பம். இன்னும் ஒருத்தனும் சுடல. மான்கறி ஏது?”

“போன வருஷத்துது, தலைவரே. ஃப்ரீசர்ல இருந்துச்சு.”

“ஃப்ரீசர்ல ஒரு துண்டு கறி இல்லன்னு ஜூன்லயே எங்கிட்ட மீன் வாங்கிட்டுப் போனியே!”

எல்லோரும் சிரித்தார்கள். தைஸ்தோ எழுந்தார். உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“திருட்டு வேட்டைக் கறி என் தொண்டையில இறங்காது!”

ஏற்கெனவே இறங்கிய இரண்டு தட்டை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவதை ரெய்னோவின் நாய்க்குத் தரையில் கொட்டினார்.

“குழுவுல இனி உனக்கு இடமில்ல. சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதவன் நீ. யார்யா சமைச்சது?”

“ஹில்கா.”

சிரிப்பு நின்றது. ஏப்ரலில் ரெய்னோவின் மனைவி ஹில்காவின் சவப்பெட்டியை அங்கிருந்த அத்தனை பேரும்தான் தூக்கினார்கள். முன்பக்கம் தைஸ்தோ.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் சமைச்சு வச்சிட்டுப் போனா. அதைக் கறின்னு நான் நெனைக்கவே இல்ல, தலைவரே. தனியாச் சாப்பிட மனசு வரல. அதான் இங்க கொண்டாந்தேன்.”

தைஸ்தோ அவசரமாகக் குனிந்தார். தரை துடைத்தாற்போல் இருந்தது.

“விடுங்க,” என்று ரெய்னோ நாயின் தலையைத் தடவினான். “இதுவும் அவ கைச் சாப்பாட்டுக்குத்தான் ஏங்கிக் கெடந்துச்சு.”