கதவிடுக்கு வெளிச்சம்

கண்காட்சியில், மகள் வரைந்த ஓவியத்தின் முன்னால்தான் கூட்டம் மொய்த்தது. இருட்டறை. கட்டில் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி. சுவரில் ஓர் ஆணின் நிழல். லேசாகத் திறந்த கதவிடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம்.

"இந்த வெளிச்சம் இருக்கே, அதுதான் நம்பிக்கை" என்றார் ஒரு விமர்சகர்.

"யாரோ காப்பாத்த வர்றாங்கன்னு தோணுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஒரு மாணவி.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஓவியத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுந்தன் செத்த பிறகுதான், சின்ன வயதில் அவன் தனக்குச் செய்த கொடுமையை மகள் வாய்விட்டுச் சொன்னாள். "இத்தன வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சேடி!" என்று அவளைக் கட்டிக்கொண்டு கதறியிருந்தாள் அம்மா.

பெண் நிருபர் ஒருத்தி மைக்கை நீட்டினாள். "நீங்க சொல்லுங்கம்மா, அந்த வெளிச்சம் என்ன?"

அம்மா ஓரடி பின்வாங்கினாள். மகள் வந்து தோளில் கை போட்டாள். "அம்மாவுக்குப் படமெல்லாம் புரியாதுங்க" என்று சிரித்து நிருபரை அனுப்பிவைத்தாள். பிறகு அம்மாவின் காதோடு சொன்னாள்:

"பயப்படாதம்மா. அன்னிக்குக் கதவத் திறந்து பார்த்துட்டு, சத்தமில்லாம மூடிட்டுப் போனது யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."