காத்து இருக்கா?

வயலும் வாய்க்காலுமாகப் பரந்து கிடந்த சமவெளியில் ஒரு சைக்கிள் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. அதன் கம்பியில் கட்டியிருந்த காற்றடிக்கும் பம்புக்கு மட்டும் ஒரே கவலை. பாதையெல்லாம் கருவேல முள்ளாச்சே.

மதகடியில் சைக்கிள் நின்றதும் பம்பு பின் டயரைக் கூப்பிட்டது.

"காத்து இருக்கா?"

"இருக்குண்ணே."

"வாயால சொன்னா எப்படி நம்புறது? கொஞ்சம் விட்டுக் காட்டு."

டயர் 'புஸ்' என்று விட்டுக் காட்டியது. பம்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே, மதகு மேல மீன்கொத்தி உக்காந்திருக்கு, பாருங்க" என்றது கைப்பிடியில் இருந்த மணி.

"எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்றது பம்பு.

பழைய கோட்டை வாசலில் ஒரு 'புஸ்'. அகழியைச் சுற்றி வந்ததும் இன்னொன்று. கல்மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்து மணி சொக்கி நின்றபோது இரண்டு, ஏனென்றால் முதல் சத்தம் பம்புக்குத் திருப்தியாக இல்லை.

பொழுது சாயும் நேரம். வாய்க்கால் கரையில் டயர் சப்பென்று அமுங்கிவிட்டது. தேடிப் பார்த்தால் முள் எங்கும் இல்லை.

பம்பு மூச்சிரைக்கக் காற்றடித்து முடித்தது.

"காலையிலேருந்து தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், யார் கேட்டீங்க? நான் மட்டும் கூட வரலேன்னா உங்க கதி என்ன?"

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணே" என்றது டயர்.

சைக்கிள் மறுபடி நகர்ந்தது. கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, இம்முறை யாரும் கேட்காமலே டயர் 'புஸ்' என்று விட்டுக் காட்டியது.