முழுதும் வரப்பெற்றேன்

"உங்க வூட்டு மேல ஒரு அடமானம் நிக்குதேப்பா!" என்றார் பத்திர எழுத்தர் ரங்கன், வில்லங்கச் சான்றிதழைப் பார்த்தபடி.

சின்னராசு அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தான். ஜவ்வாது மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தான். அவன் அப்பா வேடியப்பன் புளி வியாபாரம் செய்த காலத்தில் சந்தவாசலில் வாங்கிய ஓட்டு வீடு அது. அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். இப்போதுதான் வீட்டை விலைக்குக் கேட்டு ராஜவேலு வந்திருந்தார்.

"எண்பதுல நாலாயிரம் வாங்கினது. அதை அடைச்சாச்சுங்க. எங்கப்பாவே சொன்னாரு."

"ரசீது?"

"இல்லீங்க."

"கடனைக் கட்டினா மட்டும் போதாதுப்பா. பணம் முழுசா வந்துட்டுதுன்னு குடுத்தவரு எழுதித் தரணும். அதை ரிஜிஸ்டர் பண்ணணும். அப்பதான் வில்லங்கம் தீரும்."

"குடுத்தவரு செத்து ரெண்டு வருசம் ஆவுதுங்களே?"

"அப்ப வாரிசு எழுதித் தரணும். அவருக்குப் புள்ளைங்க இல்ல. படவேட்டுல இருக்கற அவரு சம்சாரம் சாந்தம்மாதான் வாரிசு."

"அடமானத்தோடவே வித்துட முடியாதுங்களா?"

"விக்கலாம். ஆனா வூட்டோட சேர்ந்து கடனும் வாங்கறவரு தலையில வுழும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜவேலு கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு வாணாம்பா அந்தத் தொல்லை. ஒரு மாசம் பொறுக்கறேன். அதுக்குள்ள முடிச்சுக் குடு."

ஒரு மாசம். சின்னராசுவின் மகள் அம்சவல்லிக்கு இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. வேலூரில் ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தச் செலவுக்குத்தான் வீட்டையே விற்கிறான்.

படவேடு டீக்கடையில் விஷயத்தைச் சொல்லி, சாந்தம்மாள் வீட்டுக்கு வழி கேட்டான்.

கடைக்காரர் சிரித்தார். "அந்தம்மாகிட்டயா? ரசீது வேற இல்லன்ற. ரெண்டாவது தரமும் வாங்காம வுடாது."

சாந்தம்மாள் அவனை உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"உங்கப்பா இன்னா சொன்னாரு?"

"'வூட்டுக் கடனை அடைச்சுட்டேன்டா, நீ கவலப்படாதே'ன்னு சொன்னாரும்மா. சாவறதுக்கு ஒரு வாரம் முன்ன."

"அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் போனான். மறுபடியும் அதே கேள்வி. அதே பதில்.

"வாரிசு சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். அடுத்த வாரம் வா."

மூன்றாவது தடவை அம்சவல்லியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனான். வேலூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு வரும் வழி. சாந்தம்மாள் குழந்தையின் காலைப் பார்த்தாள். அப்போதும் விடவில்லை.

"உங்கப்பா இன்னா சொன்னாருன்னு இன்னொரு வாட்டி சொல்லு."

அவனுக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான். "எத்தன வாட்டி கேட்டாலும் இதாம்மா. எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

'அவ்வளவுதான், இனிமே நடக்காது' என்று நினைத்துக்கொண்டே சின்னராசு மலை ஏறினான்.

மறு வியாழக்கிழமை ரங்கனிடமிருந்து ஆள் வந்தது. அவன் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஓடிவந்தபோது சாந்தம்மாள் அங்கே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். கையில் வாரிசுச் சான்றிதழ். தாலுகா ஆபீசுக்கு அவளே நாலு நடை நடந்து வாங்கியது.

"எழுது ரங்கா. அசலும் வட்டியும் முழுதும் வரப்பெற்றேன்."

ரங்கன் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் ராஜவேலுவுக்குக் கிரயமும் முடிந்தது.

பொங்கல் கழித்து, சின்னராசு ஒரு மூட்டை சாமையோடு படவேடு வந்தான். அம்சவல்லி காலில் இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு, தடுமாறினாலும் தானாகவே நடந்து வந்தாள். பதிவான ரசீதுப் பத்திரத்தின் நகலைச் சாந்தம்மாளிடம் கொடுக்க ரங்கனும் அங்கே வந்திருந்தார்.

"கும்பிட்டுக்கோ கண்ணு. ஊரே ரசீது கேட்டுது. தாத்தா வாய்ப்பேச்ச நம்பினது இந்தம்மா ஒருத்தங்கதான்." சின்னராசு மகளை முன்னால் நிறுத்தினான். "எங்கப்பா மானத்த காப்பாத்துனீங்கம்மா."

"அட, போப்பா. புள்ளைய வெயில்ல நிக்க வெக்காதே. பஸ்ஸு போயிடப் போவுது."

சாமையை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ரங்கன் பொறுத்திருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. உங்க வூட்டுக்காரரு பேப்பருங்கள்ல ஏதாச்சும் ரசீது கெடச்சுதா?"

"இல்ல."

"பின்ன எதை நம்பிக் கையெழுத்து போட்டீங்க? மூணு வாரமா ஒரே கேள்வியக் கேட்டு அந்தாள அலைய வெச்சீங்களே?"

"தெரிஞ்சே பொய் சொல்றானான்னு பாத்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, ரங்கா."

"இன்னா தெரியாது?"

சாந்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"வேடியப்பன் சாவறதுக்கு ரெண்டு நாளு முன்ன இங்க வந்தாரு. 'ஒரு பைசா கட்ட முடியலம்மா, புள்ளகிட்ட கட்டிட்டதா சொல்லிட்டேன்'னு அழுதுட்டுப் போனாரு. அது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்."